பத்து மீட்டருக்குக் கீழே சிவப்பு

கடல் ஆய்வகத்தில், நீருக்கடியில் வீடியோ எடுக்கும் அவரை எல்லோரும் அட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே அட்டை அண்ணா, முதுகுக்குப் பின்னால் வெறும் அட்டை. பெயர் வந்ததற்கு இரண்டு காரணம் உண்டு. தண்ணீருக்குள் இறங்கும்போது அவர் இடுப்பில் எப்போதும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சாம்பல் நிற அட்டை தொங்கும். அது ஒன்று. படம் எடுக்கவேண்டிய பவளத்தின் பக்கத்தில் போய்விட்டால் காற்று தீரும்வரை ஆள் நகர மாட்டார், உப்பு போட்டால்தான் விழுவார் என்பது படகோட்டியின் கேலி. கடல் முழுக்க உப்புதானே, அதிலேயே விழவில்லையே என்று அவரும் பதிலுக்குச் சிரிப்பார்.

படகில் முக்கால் மணி நேரம் போனால் நீருக்கடியில் நீளமான ஒரு பவளத் திட்டு. அதில் நாற்பது இடங்களை ஆய்வகம் குறித்துவைத்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாற்பது இடங்களையும் அதே தூரத்தில், அதே கோணத்தில் வீடியோ எடுக்கவேண்டும். பவளம் நலமாக இருந்தால் நிறம் அடர்ந்திருக்கும், நோவு கண்டால் வெளிறும். போன ஆண்டின் படத்தையும் இந்த ஆண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் திட்டு பிழைக்கிறதா சாகிறதா என்று சொல்வார்கள். ஆகவே படத்தில் நிறம் பிசகக்கூடாது. பிசகினால் எல்லாம் வீண்.

ஆனால் கடலுக்குள் நிறத்தைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் தின்னும். ஐந்து மீட்டர் இறங்குவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். பத்து மீட்டருக்குக் கீழே சிவப்புச் சட்டை சேற்றுத் துணி மாதிரி இருக்கும். பிறகு ஆரஞ்சு போகும், மஞ்சள் மங்கும், கடைசியில் நீலம் மட்டும் மிஞ்சும். இறங்கிய ஆழம் மட்டும் கணக்கில்லை, கேமராவுக்கும் பவளத்துக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரும் தன் பங்கைத் தின்னும். அதனால் அவர் ஒரு மீட்டருக்குள் நெருங்கித்தான் எடுப்பார். ஆழம் குறைவான இடத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர். ஆழத்தில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் லைட். இரண்டையும் ஒன்றாகப் போட மாட்டார். போட்டால் எதிரில் இருப்பதெல்லாம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். இரண்டு மீட்டர் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் நின்று, சாம்பல் அட்டையைப் பவளத்தின் பக்கத்தில் பிடித்து, இதுதான் நடுநிலை என்று கேமராவுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பார். அதற்குப் பிறகுதான் பதிவுப் பொத்தானைத் தொடுவார். ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் அந்த அட்டை ஐந்து விநாடி தெரியும்.

பத்து ஆண்டுகள் இப்படி எடுத்தார். நீருக்கடியில் நிறம் என்றால் இவரைத்தான் கேட்கவேண்டும் என்று வெளியூர் ஆய்வகங்களிலிருந்தும் கடிதம் வரும். அந்த மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.

பிறவியிலேயே அப்படி. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகக் கலந்துவிடும். இளஞ்சிவப்பு அவருக்கு வெள்ளை மாதிரி. இது தெரியவந்தது பள்ளிக்கூடத்துக் கால்பந்து மைதானத்தில். ஒரு பக்கம் சிவப்பு பனியன், மறுபக்கம் பச்சை. இவர் மூன்று முறை எதிரணிக்காரன் காலுக்கே பந்தைத் தட்டிக்கொடுத்தார். இவன் விலைபோய்விட்டான் என்று விளையாட்டு ஆசிரியர் முடிவு கட்டி அணியிலிருந்து நீக்கினார். வீட்டில் அக்காவுக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. தன் ஸ்கெட்ச் பேனாக்களின் மூடிகளைக் கழற்றி மாற்றிப் போட்டுத் தம்பியிடம் நீட்டினாள். அவர் சொன்ன பதில்களைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இதை யாரிடமும் சொல்லாதே என்று சொன்னதும் அவள்தான்.

பிறகு முக்குளிப்பு வேலைக்குப் போக ஆசைப்பட்டபோது மருத்துவச் சான்றிதழ் குறுக்கே நின்றது. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவில் எண்ணை ஒளித்துவைத்த புத்தகம் ஒன்றைக் காட்டுவார்கள், எண்ணைப் படித்துச் சொல்லவேண்டும். அக்கா அப்போது ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பக்க வரிசையை எழுதிக்கொண்டுவந்து கொடுத்தாள். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது என்று அவர் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டார். டாக்டர் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே பக்கம் புரட்டினார், இவர் புள்ளிகளைப் பார்த்தபடி மனத்துக்குள் இருந்ததை ஒப்பித்தார். தேறிவிட்டார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும். அதே டாக்டர், அதே புத்தகம், அதே முழங்கால். ஒவ்வொரு முறையும் போவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் எண்களை மறுபடி உருப்போட ஆரம்பித்துவிடுவார்.

முதல் முறை ஆழத்தில் இறங்கிய நாளை மட்டும் அவர் மறக்கவில்லை. கூட வந்தவர்கள் மேலே வந்ததும் பயிற்சியாளரின் சிவப்புச் சட்டை எப்படி நிறம் மாறிப்போனது என்று வாய் ஓயாமல் பேசினார்கள். இவருக்கு ஒன்றும் மாறினதாகவே தெரியவில்லை. கீழே போனால் எல்லோரும் என்னை மாதிரிதான் என்று புரிந்தபோது, அத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. கடலை அவர் விடாததற்கு அதுதான் காரணம்.

தரையில் கல் மறுபடி ஏறிக்கொள்ளும். படங்களைச் சரிபார்க்கும் அறை ஆய்வகத்தின் முதல் மாடியில், நடைபாதை முடிவில் இருந்தது. வெளி வெளிச்சம் பட்டால் மானிட்டரில் நிறம் ஏமாற்றும் என்று ஜன்னலை அடைத்துச் சுவரெல்லாம் சாம்பல் பூசியிருந்தார்கள். ஏசியின் சத்தம், இரண்டு நாற்காலி, ஒரு கதவு. அங்கே எடிட்டராக இருந்த இளைஞன் வெயிலே படாத அறையிலும் தொப்பியைக் கழற்ற மாட்டான், அதனால் அவன் பெயரே தொப்பி. மானிட்டரின் ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று வரைகோடுகள் இடது, நடு, வலது என்று நிற்கும். சாம்பல் அட்டையின் மேல் மூன்றும் ஒரே உயரத்துக்கு வந்தால் படம் சரி. அவர் அந்தக் கோடுகளைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். ஒரு நிறத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "இடது பக்கம் தூக்குது பாரு, இறக்கு" என்பார். பெரிய நிபுணர்கள் இப்படித்தான் பேசுவார்கள்போல என்று தொப்பி நினைத்துக்கொண்டான்.

ஆபத்து ஆய்வகத் தலைவியிடமிருந்துதான் வரும். எல்லோரும் மேடம் என்று அழைத்த அந்த அம்மாள் திடீரென்று உள்ளே நுழைந்து, திரையில் விரலை வைத்து, இந்தச் சிவப்பு போன வருடத்தைவிட வெளிறிவிட்டதில்லையா என்று கேட்பார். அப்போதெல்லாம் அவர் பார்வையை ஓரத்துக் கோடுகளுக்குத் திருப்பிக்கொள்வார். எண் என்ன சொல்கிறதென்று பார்த்துவிடலாம் மேடம் என்று மென்று விழுங்குவார். அவருடைய நிதானம் மேடத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்துப்போகப் பிடித்துப்போக இவருக்கு மூச்சு முட்டியது. ஏதாவது ஓர் ஆண்டில் சொல்லியிருக்கலாம். மூன்றாம் ஆண்டில் சொல்லியிருந்தால் மூன்று ஆண்டுப் படம்தான் கேள்விக்கு வந்திருக்கும். ஆறாம் ஆண்டில் ஆறு. தள்ளிப்போடப் போட உள்ளே போன வழி நீண்டுகொண்டே போனது, திரும்பி வர முடியாத அளவுக்கு.

மனைவிக்குத் தெரியும். கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது, மறைக்க முடியாத இடம் அது. அலமாரியில் அவருடைய சட்டைகளை வரிசைப்படி மாட்டிவைப்பது, பழம் வாங்கும்போது கூடவே போவது, கூட்டத்தில் யாராவது நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தான் முந்திக்கொண்டு பதில் சொல்வது, எல்லாம் அவள் பொறுப்பு. பதினாறு ஆண்டாக அவள் இந்தக் காவலைச் செய்தாள். முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரு முறை, துணி உலர்த்தும்போது, நானும் உங்களோடு சேர்ந்து ஒளிந்துகொண்டுதானே இருக்கிறேன் என்று சொன்னாள். அவர் கேட்காததுபோல் அடுத்த துணியை உதறினார்.

படம் எடுக்க ஆரம்பித்த பத்தாம் ஆண்டில் முழங்கால் டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். சான்றிதழுக்குப் புதிய மருத்துவமனை ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே புத்தகம் இல்லை. கதவு மூடிய சின்ன அறைக்குள் உட்காரவைத்து, நெற்றியை ஒரு பட்டையில் அழுத்தச் சொல்லி, கண்ணுக்கு நேரே திரையைக் காட்டினார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் வட்டம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்தவேண்டும். வட்டங்கள் வரிசையில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டரே கலைத்துப்போட்டது. உருப்போட எதுவும் இல்லை. அவருக்குப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. குத்துமதிப்பாக அழுத்தினார்.  எழுந்து ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, ஆனால் நெற்றி பட்டையிலிருந்து விலகினால் இயந்திரம் கீச்சென்று கத்தியது.

அங்கிருந்த இளம்பெண் டாக்டர் முடிவு வந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். இத்தனை காலம் எப்படிச் சான்றிதழ் கிடைத்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வேலைக்குப் போகும் முக்குளிப்பவர்களுக்கு நிறப் பார்வை கட்டாயம், சிலிண்டர் குறிகள், ஆபத்துக் கொடிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அறிக்கையை நான் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியாகவேண்டும் என்று விளக்கினார். வேறிடத்தில் ஒரு முறை பரிசோதித்துப் பார்க்க விரும்பினால் பதினான்கு நாள் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகுதான் அறிக்கை போகும் என்றார்.

அந்தப் பதினான்கு நாளுக்குள்தான் விசாரணையும் வந்து விழுந்தது. பவளத் திட்டின் ஓரமாகத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை நீட்டும் திட்டம் ஒன்று நெடுநாளாகப் பேச்சில் இருந்தது. திட்டு ஏற்கெனவே நலிந்திருக்கிறது, சுவர் வந்தால் தாங்காது என்றது ஆய்வகம். கட்டுமானக் கம்பெனி சொந்தமாக ஒரு படம் எடுத்துக்கொண்டுவந்தது. அதில் அதே திட்டு செக்கச்செவேல் என்று செழிப்பாக இருந்தது. இரண்டில் எது உண்மை என்று பார்க்க அரசு மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்தது. ஆய்வகத்தின் சார்பில் பேசவேண்டியது படம் எடுத்தவர். மேடம் அவருடைய பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு, நடைபாதையில் எதிர்ப்பட்டபோது அதைச் சொன்னார். உங்களைவிட்டால் இதை யார் சொல்ல முடியும் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றார்.

போனால் எப்படியும் நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே மாட்டிக்கொண்டால் பத்து ஆண்டுப் படமும் குப்பை. போகாவிட்டால் கம்பெனியின் படம் ஜெயிக்கும். நெஞ்சுவலி என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். நகரத்தின் மறுகோடியில் நிறம் காட்டும் கண்ணாடி விற்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்து, விடுப்பு போட்டுவிட்டுப் போனார். கடைக்காரர் மாட்டிவிட்டதும் சில பொருள்கள் பளிச்சென்று துருத்திக்கொண்டு தெரிந்தன.  கையோடு கொண்டுபோயிருந்த புள்ளிப் பக்கத்தைப் பார்த்தார். எண் வரவில்லை. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் லைட் இல்லாமல் வெறும் ஃபில்டரை மாட்டிக்கொண்டு சிவப்பு வரும் என்று நம்பும் புதியவர்களை அவரே எத்தனை முறை திருத்தியிருக்கிறார். இல்லாத வெளிச்சத்தை எந்தக் கண்ணாடியும் கொண்டுவராது. கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெட்டிக்கொண்டிருந்த காய்கறியைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"மேடத்துகிட்ட சொல்லிடுங்க," என்றாள்.

"சொன்னா பத்து வருஷமும் போச்சு."

"சொல்லாட்டி மட்டும் இருக்குமா? டாக்டர் லெட்டர் எப்படியும் போகப்போகுது. அங்க போய் அவங்க முன்னாடி தெரியறதுக்கு, நீங்களே சொன்னதா இருக்கட்டும்."

 அவள் காய்கறியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "எனக்கும் போதும்ங்க," என்றாள். "சட்டை அடுக்கி அடுக்கி அலுத்துப்போச்சு."

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கையில் காலையிலேயே மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். மேடம் முதலில் அது ஏதோ வேடிக்கை என்று நினைத்துப் பாதி சிரித்தார். பிறகு முகம் கல்லாகிவிட்டது. பத்து வருடமா என்று மட்டும் கேட்டார். இவர் தலையாட்டினார். வெளியே காத்திருங்கள் என்றார்.

தொப்பியை அழைத்துப் பத்து ஆண்டுப் படங்களையும் எடுக்கச் சொல்லி, இருவரும் அந்த ஜன்னலற்ற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நானூறு படம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் இருந்த ஐந்து விநாடி அட்டையை நிறுத்தி, மூன்று கோடும் ஒன்றாக நிற்கிறதா என்று அளந்தார்கள். அவர் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரை. எதிர்ச் சுவரில் தீயணைக்கும் கருவி, அதற்குப் பக்கத்தில் அவசர வழிக்கான அம்புக்குறி. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன அட்டை அண்ணா, வெளியே உட்கார்த்தி வைத்துவிட்டார்களா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். சாப்பிடப் போகவும் பயம், எழுந்து நடக்கவும் பயம். பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு நேரம் அவரை யாரும் வெளியே நிறுத்தியதில்லை. ஒரு தடவை கதவு திறந்து தொப்பி தண்ணீர் எடுக்கப் போனான். இவர் கண்ணைச் சந்திக்கவில்லை.

கடைசியில் மேடம் ஒரு தாளோடு வெளியே வந்தார். நானூறில் பதினொன்று பிசகு. அந்தப் பதினொன்றில் ஏழின் பக்கத்தில், அட்டை மேல் நிழல் விழுந்தது, நம்ப வேண்டாம் என்று அவரே அந்தந்த நாள் குறிப்பில் எழுதியிருந்தார். மிச்சம் நான்குக்குக் காரணம் தெரியவில்லை.

"டேட்டா நல்லா இருக்கு," என்றார் மேடம். "உங்க மேல கோபமாவும் இருக்கேன். ரெண்டையும் நான் கலக்கப்போறதில்ல."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டித் தடுத்தார். விசாரணைக்கு நீங்கள்தான் வரவேண்டும், வேறு ஆள் தயார் பண்ண நேரம் இல்லை, நிறத்தைப் பற்றி நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள், உங்களுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன் என்று கட்டளை மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை அறை ஓர் அரசு அலுவலகத்தின் நான்காவது மாடியில். நீண்ட மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் பெரிய திரை. நடுவில் குழுத் தலைவியான ஓய்வுபெற்ற நீதிபதி, இரண்டு பக்கமும் இரண்டு பொறியாளர்கள். கம்பெனிக்கு ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். முதலில் கம்பெனியின் படத்தைப் போட்டார்கள். பார்த்தவர்கள் முகத்திலெல்லாம் ஒரு மலர்ச்சி. அவர் அந்த முகங்களைத்தான் பார்த்தார், படம் அழகாக இருக்கிறது என்று அவற்றிலிருந்து தெரிந்துகொண்டார். பிறகு ஆய்வகத்தின் படம் ஓடியது. முகங்கள் வாடின.

கம்பெனியின் படத்தில் என்ன குறை கண்டீர்கள் என்று குழுத் தலைவி கேட்டார். அவர் எழுந்து, கம்பெனியின் படத்தில் முக்குளிப்பவர் அளவு நாடாவை விரிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்த நாடா கடையில் வாங்கும்போது வெள்ளை, அது எல்லோருக்கும் தெரியும், படத்தில் அது வெள்ளையாக இருக்கிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள் என்றார். வழக்கறிஞர் உடனே எழுந்தார். அளப்பது இருக்கட்டும், அது என்ன நிறத்தில் தெரிகிறது என்று இந்த நிபுணர் சொல்லட்டுமே என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், பொறி ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் கேள்வி நேராக அங்கே வந்து நின்றது.

அறையில் ஏசி ஓடியது. மேடம் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது," என்றார்.

கம்ப்யூட்டரோடு பின்னால் உட்கார்ந்திருந்த தொப்பி நிமிர்ந்தான். திரையில் அந்த நாடா நல்ல இளஞ்சிவப்பாக இருந்தது, அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அது தெரிந்தது. வழக்கறிஞர் அப்படியென்றால் படம் சரி என்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்லைங்க. எனக்குப் பிறவியிலேருந்து சிவப்பும் பச்சையும் தெரியாது. இளஞ்சிவப்பு எனக்கு வெள்ளை மாதிரிதான் இருக்கும். அதனாலதான் நான் கண்ணை நம்பறதில்ல, அளந்து பாக்கறேன்."

வழக்கறிஞருக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நிறமே தெரியாதவர் எடுத்த நிறப் படத்தை வைத்துக்கொண்டா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று குழுவைப் பார்த்துக் கைகளை விரித்தார். எங்கள் ஒளிப்பதிவாளருக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது, சான்றிதழ் இருக்கிறது என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் நிற்கிற இடத்தில் இனிமேல் இழக்க ஒன்றும் இல்லை என்பதும் தோன்றியது.

"அவருக்கு நல்லா தெரியுது. அதான் சார் சிக்கலே. தன் கண்ணுக்கு நல்லா இருக்கற வரைக்கும் சிவப்பை ஏத்திக்கிட்டே போயிருக்காரு. பவளத்துக்கு ஏத்தினது நாடாவுக்கும் ஏறிடுச்சு. என் கண்ணுக்கு எது நல்லா இருக்குன்னே தெரியாது. எனக்கு அட்டை என்ன சொல்லுதோ அதுதான்."

குழுத் தலைவி வழக்கறிஞரைக் கையமர்த்தினார். பிறகு இரண்டு படத்தையும் என் எதிரிலேயே அளந்து காட்டுங்கள் என்றார். தொப்பி கம்ப்யூட்டரோடு முன்னால் வந்தான். அவசரத்தில் ஒரு முறை தவறான படத்தைத் திறந்தான். கம்பெனியின் நாடாவில் இடது கோடு மற்ற இரண்டையும்விட மிக உயரத்தில் நின்றது. ஆய்வகத்தின் அட்டையில் மூன்றும் சமமாக நின்றன. பொறியாளர்களில் ஒருவர் இன்னும் சில இடங்களை அளக்கச் சொன்னார், எல்லாம் அதே கதை. இன்னொருவர் மட்டும் கடைசி வரை சந்தேகம் தீராமல், பார்வைக் குறையை இத்தனை காலம் மறைத்தவரை எதில் நம்புவது என்று கேட்டார். அதற்கு அவர், என்னை நம்ப வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அன்று தீர்ப்பு எதுவும் வரவில்லை. இரண்டு தரப்பும் இல்லாமல் வெளியிலிருந்து வேறொரு குழு வந்து புதிதாகப் படம் எடுக்கவேண்டும், ஒவ்வொரு படத்திலும் சாம்பல் அட்டை தெரியவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏழு மாதம் கழித்து அந்தப் படம் வந்தது, ஆய்வகத்தின் படத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. சுவரை நேராக நீட்டாமல் தெற்குப் பக்கம் வளைத்து வரையச் சொன்னார்கள். முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஓரத்து ஆறு இடங்கள் எப்படியும் மண்மூடிப் போகும் என்று மேடம் சொன்னார்.

மருத்துவரின் கடிதம் பதினைந்தாவது நாள் வந்துசேர்ந்தது. முக்குளிப்புச் சான்றிதழ் ரத்தாகிவிட்டது. ஏமாற்றிச் சான்றிதழ் வாங்கியதற்காக ஆய்வகம் எழுத்தில் கண்டித்தது. வேலையைவிட்டு அனுப்பவில்லை, அது மேடத்தின் தயவு. படங்களை அளந்து தேர்வு செய்யும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அதாவது காலையிலிருந்து மாலை வரை அந்தச் சாம்பல் அறை.

சொல்லிவிட்டால் விடுதலை என்று மனைவியும் அவரும் நினைத்திருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மறைக்கவேண்டிய பாரம் போனது, சரிதான். ஆனால் ஆய்வகத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் பேனாவையும் கோப்பையும் செருப்பையும் தூக்கிக் காட்டி இது என்ன கலர் என்று கேட்க ஆரம்பித்தார்கள். கெட்ட எண்ணம் கிடையாது, வேடிக்கைதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கணக்குப் பிரிவுக்காரர் தன் காரைக் காட்டுவதற்காகவே அவரை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டுபோனார். அவர் எல்லோருக்கும் பொறுமையாகத் தப்புத் தப்பாகப் பதில் சொன்னார். தொப்பி ஒருவன்தான் கேட்கவில்லை. அவன் பழையபடி இடது பக்கம் தூக்குது அண்ணா என்றே பேசினான்.

மேடம் முன்புபோல் தோளில் தட்டுவதில்லை. தேவையானதைக் கேட்பார், தேவையானதைச் சொல்வார். வீட்டில் மனைவி சட்டைகளை அடுக்குவதை உண்மையிலேயே நிறுத்திவிட்டாள். அவர் கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டு போனார்.  நீங்கள் இப்போது கடலைப் பற்றி எதுவும் பேசுவதே இல்லையே என்று ஒரு நாள் கேட்டாள். பேச என்ன இருக்கிறது என்றார். நாள் முழுக்கத் திரையில் பார்ப்பது கடலைத்தான், ஆனால் அதில் அவர் எடுத்தது எதுவும் இல்லை. பன்னிரண்டு மீட்டரில் புதியவர்கள் எங்கே நின்றிருக்கவேண்டும், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய. கதவைத் திறந்தால் நடைபாதை.

அடுத்த பருவத்தில் படகில் காற்று நிரப்பும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அவர் கேட்காமலே மேடம் அவருடைய பெயரைப் போட்டிருந்தார், அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். வாரத்துக்கு இரண்டு நாள். முக்குளிப்பவர்கள் இறங்கிய பிறகு படகில் அவரும் படகோட்டியும் மட்டும் இருப்பார்கள். இயந்திரம் தடதடவென்று ஓடும், பேசினால் காது கேட்காது. முதல் நாள் நடுப்பகலில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, சிலிண்டரும் கண்ணாடியும் எதுவும் இல்லாமல் அவர் தண்ணீரில் குதித்தார். ஆழத்தில் போகவில்லை, போகக்கூடாது. படகைச் சுற்றி மேலாக நீந்தினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மிதந்தார். பிறகு ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குக் குழாயை மாட்டினார். படகோட்டி ஒரு டம்ளரில் டீயை ஊற்றி அவர் பக்கம் நகர்த்திவைத்தார்.